ரப்பர்ப் பாலும் ஆமணக்கு எண்ணெயும்: பழைய மோட்டார் வண்டியின் பிரேக் உருளை கூறும் வரலாறு

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணாம் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் தஞ்சோங் மாலிம். ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர். 1922-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியால் ஆசிரியர் உலகம் இவ்வூரை நன்கறியும். ஈப்போவையும் கோலாலம்பூரையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. அச்சாலையின் இருமருங்கும் நெடுங்காலம் ரப்பர்த் தோட்டங்களே நிறைந்திருந்தன. 2003-ஆம் ஆண்டில் புரோட்டான் நிறுவனத்தின் மோட்டார் வண்டித் தொழிற்சாலை இங்கே இயங்கத் தொடங்கியது. பால்மரம் வெட்டிப் பிழைத்த வட்டாரம் கார் செய்யும் வட்டாரமாக மாறிற்று.

இவ்விரண்டு காலங்களுக்கும் இடையே உள்ள உறவு என்ன என்று கேட்டால், ‘டயர்’ என்பதே பலரும் தரும் விடையாக இருக்கும். அவ்விடை தவறன்று, ஆனால் முழு விடையும் அன்று. பழைய மோட்டார் வண்டியில் ஓட்டுநரின் காலடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், பெருவிரல் நுழையுமளவே உள்ள ஒரு ரப்பர்க் கிண்ணம் இருந்தது. டயர் பழுதானால் வண்டி நின்றுவிடும். இந்தக் கிண்ணம் பழுதானாலோ வண்டி நில்லாது. வண்டியில் ஏறியவர் அத்தனை பேருடைய உயிரும் அதன் விளிம்பை நம்பியே இருந்தது. அக்கிண்ணத்தின் வரலாறு மலாயாத் தோட்டங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

நீரின் வலிமை

பிரேக் மிதியைக் காலால் அழுத்தினால் நான்கு சக்கரங்களும் ஒரே அளவாகப் பிடிக்கப்பட வேண்டும். தொடக்கக் கால வண்டிகளில் இவ்வேலையைக் கம்பிகளும் கோல்களும் செய்தன. ஒரு கம்பி சற்று நீண்டு, மற்றொன்று இறுகியிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மழையில் நனைந்த சாலையில் வழுக்கிச் சுழலும். அடிக்கடி முடுக்கிச் சரிசெய்தாலன்றி அவற்றை நம்ப முடியாது.

இக்குறைக்குத் தீர்வு பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியில் இருந்தது. மூடிய பாத்திரத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது அவ்விதி. அவர் மறைந்த பின்னர் 1663-இல் வெளியான நூலில் அது விளக்கப்பட்டது. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா இதனைக் கொண்டு நீரழுத்தப் பொறியை அமைத்தார். அவருக்கு நேர்ந்த பெரிய இடர், உந்துதண்டின் ஓரமாக நீர் கசிந்துவிடுவதே. அவரிடம் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம் போல் வளைந்த தோல் வளையம் ஒன்றைச் செய்து அதனைத் தீர்த்தார். நீர் அழுத்த அழுத்த வளையத்தின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பகையின் வலிமையே காவலின் வலிமையாகும் இவ்வமைப்புத்தான் பின்னாளில் மோட்டார் வண்டியின் பிரேக்கிலும் குடிபுகுந்தது.

தோல் போய் ரப்பர் வந்தது

அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் 1917-ஆம் ஆண்டில் நீரழுத்த பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். விமானத் தொழிலில் புகழ்பெற்ற ஆலன் லாக்ஹீட் இவருடைய உடன்பிறந்தவர். 1921-இல் டூசன்பர்க் என்னும் விலையுயர்ந்த கார் நான்கு சக்கரங்களிலும் இவ்வகை பிரேக்குடன் வெளிவந்தது. ஆயினும் பொதுமக்கள் வாங்கும் வண்டிகளில் அது பரவவில்லை. காரணம், பழைய தோல் கிண்ணமே. தோல் காய்ந்தால் சுருங்கும், ஊறினால் தளரும், இரண்டினாலும் கசியும்.

1924-இல் வெளிவந்த கிரைஸ்லர் கார் இந்நிலையை மாற்றியது. அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் தோலை நீக்கிவிட்டு ரப்பர்க் கிண்ணத்தை வைத்தனர். ரப்பர் தானே விரியும். தானே பழைய வடிவுக்கு மீளும். சுவரிலுள்ள சிறு மேடுபள்ளங்களுக்கும் இணங்கிக் கொடுக்கும். கசிவு பெரிதும் நின்றது. அதன்பின் ஒவ்வொரு நிறுவனமாக இம்முறையை மேற்கொண்டது. இங்கிலாந்தில் மாரிஸ் நிறுவனம் 1930-களில் தன் சிறிய கார்களிலும் இதனை அமைத்தது. அமெரிக்காவின் ஃபோர்டு மட்டும் 1939 வரை கம்பி பிரேக்கையே விடாது பற்றியிருந்தது.

1920-களில் உலகில் விளைந்த ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டியோரில் பெரும்பாலோர் தமிழர். கங்காணி முறையில் கப்பலேறி வந்து, லயங்களில் குடியிருந்து, விடியுமுன் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, மரந்தோறும் மங்கு வைத்துப் பால் சேர்த்தவர்கள் அவர்கள். மரத்தில் தொங்கிய மங்கும் ஒரு கிண்ணம். பிரேக்கினுள் இருந்த ‘கப்’பும் ஒரு கிண்ணம். முன்னதில் வடிந்த பாலே பல கைகள் மாறிப் பின்னதாயிற்று. மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பொறியாளர்களின் பெயர்களைத் தவறாது குறிக்கின்றனர். முன்னதை மரத்தில் கட்டியவர்களைப் பற்றி அந்நூல்களில் ஒரு வரி காண்பதும் அரிது.

விளக்கெண்ணெய் வந்த வழி

கிண்ணம் கிடைத்தது, ஆனால் உருளைக்குள் எந்த நீர்மத்தை ஊற்றுவது? தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். குளிர்நாடுகளில் உறைந்தும் போகும். மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் எண்ணெய் முதலியவை இயற்கை ரப்பருக்குப் பகை. அவற்றில் ஊறிய ரப்பர் உப்பி, மென்மையாகி, இறுதியில் பசைபோல் ஆகிவிடும். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடும் பசை இவ்வாறு கரைக்கப்பட்ட ரப்பரேயாகும். அவற்றுள் ஏதேனும் ஒன்று சிறிதளவு கலந்தாலும் கிண்ணம் வீங்கி உருளையில் சிக்கிக்கொள்ளும்.

பொறியாளர்கள் தேடிக் கண்டது ஆமணக்கு எண்ணெய். தமிழர் விளக்கெரிக்கவும், பேதிக்குக் கொடுக்கவும், தலைக்குத் தேய்க்கவும் பயன்படுத்திய விளக்கெண்ணெயே அது. பிற எண்ணெய்களைப் போலன்றி அது ஆல்கஹாலுடன் நன்கு கலக்கும், இயற்கை ரப்பரைக் கரைக்காது, உராய்வையும் குறைக்கும். ஏறத்தாழச் சமபாகம் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த நீர்மமே பல ஆண்டுகள் பிரேக் எண்ணெயாக விளங்கியது. புகழ்பெற்ற ‘காஸ்ட்ரால்’ என்னும் எஞ்சின் எண்ணெயின் பெயரும் 1909-இல் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே அமைக்கப்பட்டது.

அந்நாளில் உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதையை அனுப்பிய நாடுகளுள் இந்தியா முதன்மையானது. சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களிலும் ஐதராபாத் நாட்டிலும் அது மிகுதியாக விளைந்தது. எனவே மலாயாச் சாலையில் ஓடிய ஒரு பிரிட்டிஷ் காரின் பிரேக்கில், கடல் கடந்து வந்த தமிழர் எடுத்த பாலும், அவர்கள் விட்டுவந்த நாட்டில் விளைந்த எண்ணெயும் ஒன்றாகக் கூடியிருக்க இடமுண்டு.

இந்த எண்ணெய்க்கும் ஒரு குறை இருந்தது. அதிலுள்ள ஆல்கஹால் விரைவில் கொதித்துவிடும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலை போன்ற மலைப்பாதைகளில், இறங்கும்போது மிதியை ஓயாது அழுத்தினால் சக்கரங்கள் சூடேறும். நீர்மத்தில் ஆவிக் குமிழிகள் தோன்றும். நீர்மம் அழுந்தாது, ஆவியோ அழுந்திவிடும். மிதி பஞ்சுபோல் இறங்கும், வண்டி பிடிபடாது. இதனாலேயே பிற்காலத்தில் 200 பாகை செல்சியசுக்கும் மேலான கொதிநிலை கொண்ட கிளைக்கால் வகை நீர்மங்கள் இடம்பெற்றன.

மாரிஸ் மைனரின் காலடியில்

1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மாரிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த சிறிய கார். 1960-இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. மலாயாச் சாலைகளிலும் நன்கு அறியப்பட்ட இவ்வண்டியைப் பழைய வண்டி விரும்புவோர் இன்றும் பேணி வருகின்றனர். இதன் தலைமை உருளையைக் கழற்றிப் பழுதுபார்க்கும் முறையை அறிந்தால், மேலே கூறிய வரலாறு முழுவதும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளாகத் தோன்றும். தலைமை உருளையைப் பட்டறைகளில் மாஸ்டர் சிலிண்டர் என்றும் பிரேக் பம்பு என்றும் வழங்குவர்.

பிற வண்டிகளில் எஞ்சின் அருகே எளிதில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் இவ்வுருளை, மாரிஸ் மைனரில் ஓட்டுநர் கால் வைக்கும் தரைக்குக் கீழே, அடிச்சட்டத்தின் உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைக் காண்பதற்கே தரைவிரிப்பை நீக்க வேண்டும். இரண்டு நீண்ட போல்ட்டுகள் சட்டத்தினூடே சென்று உருளையைப் பற்றியிருக்கின்றன. அவற்றின் அருகே முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பி நீண்டு செல்வதால், நட்டைக் கழற்றிய பின்னும் போல்ட் வெளியே வராமல் அக்கம்பியில் முட்டி நிற்கும். முறுக்குக் கம்பியைத் தளர்த்தி விலக்குவதே முறையான வழி. மீண்டும் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்புறமாகச் செருகி, அடுத்த முறை வேலையை எளிதாக்கிக்கொள்வோரும் உண்டு.

முதலில் வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். சக்கரத்தருகேயுள்ள திருகைத் திறந்து, மிதியை அழுத்தி எண்ணெயை வடித்துவிட வேண்டும். குழாயைக் கழற்றி, உருளையை வெளியே எடுத்தபின், ரப்பர் உறையை நீக்கி, முனையிலுள்ள கம்பி வளையத்தை எடுத்தால், பிஸ்டன், கப்புகள், சுருள்வில், வால்வு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும்.

இவற்றைக் கழுவுவதில்தான் பலர் தவறுகின்றனர். பட்டறையில் எதையும் பெட்ரோலில் கழுவுவது வழக்கம். இங்கே அது ஆகாது. ஸ்பிரிட்டிலோ புதிய பிரேக் எண்ணெயிலோதான் கழுவ வேண்டும். பின்னர் உருளையின் உட்சுவரை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மலேசியாவின் ஈரக்காற்றில் நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் உருளையில் துருப்புள்ளிகள் தோன்றுவதற்கு இதுவே காரணம். மெல்லிய கறையாயின் தேய்த்து நீக்கலாம். நகத்தில் தட்டும் பள்ளமாயின் உருளையை மாற்றுவதே அறிவுடைமை. புதிய கப்பையும் அப்பள்ளம் சில நாளில் கிழித்துவிடும்.

புதிய கப்புகளைப் பிரேக் எண்ணெயில் நனைத்து, கருவி எதுவும் படாமல் விரலாலேயே செலுத்த வேண்டும். அழுத்தும் கப்பின் விளிம்பு எண்ணெயை நோக்கியிருத்தல் வேண்டும். திருப்பி வைத்தால் மாட்ஸ்லே கண்ட தத்துவம் பயனற்றுப் போகும். உருளையின் மேற்சுவரில் ஊசித்துளை போன்ற ஒரு சிறு துளை உண்டு. மிதியிலிருந்து காலை எடுத்ததும் கப் அத்துளையைத் தாண்டிப் பின்வாங்க வேண்டும். அப்போதுதான் சூட்டால் விரிந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். துளை மூடியே இருந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டு சக்கரங்கள் சூடேறும். மிதிக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது தளர்வு விடவேண்டும் என்று கைந்நூல்கள் வற்புறுத்துவது இதனாலேயே. இறுதியில் உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி, குழாய்களிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

இவ்வளவு கவனமும் எதற்கு என்பது வெளிப்படை. அக்கால வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே உருளை, ஒரே எண்ணெய் வழி. கப் கிழிந்தால் மிதி தரையைத் தொடும். கைப்பிரேக் ஒன்றே துணை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும் இரட்டை உருளை 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கட்டாயமாயிற்று. பின்னர் எங்கும் பரவியது.

சிலிம் ரிவர்ச் சாலையும் செயற்கை ரப்பரும்

பிரேக் கப்பிலிருந்து இயற்கை ரப்பர் விலகியதற்கான காரணங்களுள் ஒன்று தஞ்சோங் மாலிமுக்கு மிக அருகிலேயே நிகழ்ந்தது. 1942 ஜனவரி 7-ஆம் நாள் விடியுமுன்னர், இவ்வூருக்கு வடக்கே சிலிம் ரிவர்ப் பகுதியில், ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியே பிரிட்டிஷ் இந்தியப் படையணிகளை ஊடுருவிச் சென்றன. அப்படையின் இரு பிரிவுகள் ஒரே நாளில் சிதைந்தன. எஞ்சியோர் தஞ்சோங் மாலிம் நோக்கிப் பின்வாங்கினர். ஜனவரி 11-இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன.

அதுவரை அமெரிக்காவுக்கு வேண்டிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியாவிலிருந்தே சென்றது. அவ்வழி அடைபட்டதும், பெட்ரோலியத்திலிருந்தும் ஆல்கஹாலிலிருந்தும் ரப்பர் செய்யும் ஆலைகளை அந்நாட்டரசு பெருமுயற்சியுடன் நிறுவியது. 1941-இல் சில நூறு டன்னே செய்யப்பட்ட பொதுப்பயன் செயற்கை ரப்பர், 1945-இல் ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னைக் கடந்தது.

அதே வேளையில் மலாயாத் தோட்டங்களில் நிகழ்ந்தது வேறு. ரப்பரை வாங்குவோர் இல்லை, கூலி இல்லை, அரிசி இல்லை. பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். அவர்கள் எடுத்த பாலுக்கு மாற்றுப் பொருள் கடலுக்கு அப்பால் உருவான ஆண்டுகளிலேயே, பால் எடுத்தவர்கள் சயாமியக் காடுகளில் மடிந்தனர். இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எண்ணும்போதுதான் அப்போரினால் தோட்டத் தமிழர் இழந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

போர் முடிந்த பின்னரும் செயற்கை ரப்பர் நிலைத்தது. அமெரிக்கக் கார்களின் பிரேக் கப்புகள் அதற்கு மாறின. எண்ணெயும் அதற்கேற்ப மாறியது. பிரிட்டிஷ் நிறுவனங்களோ நெடுநாள் இயற்கை ரப்பரையே கையாண்டன. இதனால் ஒரு சிக்கல் எழுந்தது. செயற்கை ரப்பருக்கென அமைந்த சில அமெரிக்க எண்ணெய்களைப் பிரிட்டிஷ் காரில் ஊற்றினால் இயற்கை ரப்பர்க் கப்புகள் கெட்டன. ‘இவ்வகை எண்ணெயையே ஊற்றுக’ என்று பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கைந்நூல்கள் கண்டிப்புடன் கூறுவதன் பின்னணியில் இவ்வேறுபாடு இருந்தது.

1960-களின் தொடக்கத்தில் உலகச் செலவில் செயற்கை ரப்பர் இயற்கை ரப்பரை முந்தியது. அதே காலத்தில் மலாயாவில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. குடியிருப்பையும் வேலையையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பல. தோட்டங்களை வாங்கித் தொழிலாளரையே பங்குதாரராக்கும் நோக்குடன், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தனார் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். எஞ்சிய தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டப் பிள்ளைகள் நகரங்களின் பட்டறைகளையும் ஆலைகளையும் நாடினர்.

எஞ்சி நிற்பது

இன்றைய கார்களின் பிரேக் கப்புகள் எத்திலீன், புரோப்பிலீன் முதலியவற்றிலிருந்து செய்யப்படும் செயற்கை ரப்பரால் ஆனவை. மாரிஸ் மைனருக்காக இன்று விற்கப்படும் கப்புகளும் பெரும்பாலும் அத்தகையனவே. பாதுகாப்பு நோக்கில் அதுவே தக்கது. பழைய கப்பை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தும்போது, தோட்டத்துப் பாலின் சிறு சுவடு ஒன்று அவ்வண்டியிலிருந்து நீங்குகிறது. இயற்கை ரப்பர் முற்றும் தோற்றுவிட்டது என்பதும் அன்று. சூட்டையும் இழுவிசையையும் தாங்கும் ஆற்றலால், லாரி டயர்களிலும் விமான டயர்களிலும் அதன் இடத்தைச் செயற்கை ரப்பர் இன்னும் பறிக்கவில்லை.

வகுப்பறையில் பாஸ்கல் விதி ஒரு பாடம். ரப்பரின் வேதியியல் மற்றொரு பாடம். தோட்டத் தமிழர் வரலாறு, கற்பிக்கப்பட்டால், மூன்றாவது பாடம். பழைய காரின் தலைமை உருளை ஒன்றை மேசைமேல் பிரித்து வைத்தால் மூன்றையும் ஒரே வேளையில் கற்பிக்கலாம். தஞ்சோங் மாலிமில் இன்று கார் பூட்டும் கைகளுக்கும், அவ்வட்டாரத்தில் முன்பு மங்கு கட்டிய கைகளுக்கும் உள்ள உறவை மாணவர் உணர்வதற்கு அச்சிறு பொருளே போதும். பொறியைக் கண்டவர் பெயரோடு, அப்பொறிக்குப் பொருள் தந்தவரின் உழைப்பையும் சேர்த்துக் கூறும்போதே மோட்டார் வண்டியின் வரலாறு நிறைவு பெறும்.